கதவுக்கு அடியில் ஈரத்துண்டு

அந்தத் தெருவில் அவரை எல்லாரும் சிலிண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கிடங்கிலிருந்து மூன்று சக்கர வண்டியில் கேஸ் சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு வந்து, வீடு வீடாக மாடி ஏறி இறக்கி வைப்பது அவர் தொழில். வாசலில் நின்று ஸ்பேனரால் இரும்பில் இரண்டு தட்டு தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டால் குளித்துக்கொண்டிருக்கிறவர்கள்கூட "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று உள்ளிருந்து குரல் கொடுப்பார்கள். ஒருமுறை அவர் வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகையின் உறையிலேயே 'திரு. சிலிண்டர் அவர்கள்' என்று எழுதியிருந்தது. அவர் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "அப்ப நான் யாரு? திருமதி ரெகுலேட்டரா?" என்று கேட்டாள்.

நல்ல மனுஷன் என்றுதான் பெயர். சிலிண்டரை மாட்டிவிட்டு ஓடிப்போகிற ஆள் இல்லை. சோப்பு நுரையைக் குழைத்துக் குழாயில் தடவி, எங்காவது கேஸ் கசிகிறதா என்று குனிந்து பார்ப்பார். "ஜன்னலை எப்பவும் தெறந்து வெச்சுச் சமைங்க. காத்து போய்வரணும்" என்று எல்லா வீட்டிலும் சொல்வார். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போய்ச் சிலர் அவர் வாயைத் திறப்பதற்குள்ளேயே ஜன்னலைத் திறந்துவிடுவார்கள்.

அவர் குடியிருந்தது ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் முதல் மாடியில். மனைவி பஸ் டிப்போவில் டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவள். பெரியவள் பள்ளிக்கூடம் போகிறாள். சின்னவன் இன்னும் தட்டில் பாதி, தரையில் பாதி என்று சாப்பிடுகிற வயசு.

அந்தப் பெரிய புயலுக்கு முந்தின வருஷம் பக்கத்துத் தெருவில் ஒரு தீ விபத்து நடந்தது. பயந்துபோன குடியிருப்போர் சங்கம், இந்தக் கட்டடத்தில் இனி யாரும் சிலிண்டர் வைத்துக்கொள்ளக் கூடாது, எல்லாரும் கரண்ட் அடுப்புக்கு மாற வேண்டும் என்று முடிவு செய்தது. சங்கத்தின் செயலாளர் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆபத்து என்ற சொல்லைக் கேட்டாலே நிமிர்ந்து உட்காருவார். அவர்தான் சிலிண்டரைக் கூப்பிட்டு, "உனக்குத்தான் பழக்கம். எல்லா வீட்டுலேர்ந்தும் நீயே இறக்கிடுப்பா" என்றார்.

தன் சொந்தக் கட்டடத்திலிருந்து தன் சொந்தப் பிழைப்பைத் தானே தோளில் தூக்கி இறக்கினார் அவர். ஒரு நாள் முழுக்க இறக்கினார். ஒரு வீட்டிலும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கவில்லை. அது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த உறுத்தலில்தான் தன் வீட்டுச் சிலிண்டரை இறக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளி, முன்னால் இரண்டு பெட்டிகளை வைத்து மறைத்தார். பக்கத்திலேயே பழைய ஒற்றை அடுப்பு.

"இது எதுக்கு?" என்றாள் மனைவி.

"இருக்கட்டும். கரண்ட்ட நம்பி வயித்தை விட முடியுமா?"

அவர் சொன்னது பலித்தது. மறு வருஷம் மழைக்காலத்தில் புயல் வந்தது. ஒரே ராத்திரியில் மரங்கள் சாய்ந்து கம்பிகள் அறுந்தன. விடிந்தபோது ஆறு பாலத்துக்கு மேலே ஓடியது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை, கடை இல்லை, போன் இல்லை. மூன்று மாடியிலும் கரண்ட் அடுப்புகள் கண்ணாடி மாதிரிப் பளபளத்துக்கொண்டு சும்மா கிடந்தன.

கீழ்த்தளத்தில் ஒரு தையல்காரி இருந்தாள். முன் அறை கடை, பின் அறை வீடு. புருஷன் லாரி டிரைவர். பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். தண்ணீர் உள்ளே நுழைந்தபோது அவள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஏழெட்டு வயசுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு, தையல் மெஷினைப் பார்த்து அழுதுகொண்டு நின்றாள். சிலிண்டர்தான் தண்ணீரில் இறங்கி மெஷினைத் தோளில் தூக்கி வந்தார். அவர் வீட்டு வாசலுக்கு முன்னால், படிக்கட்டு திரும்புகிற இடத்தில், பாய் விரிக்கிற அளவுக்கு இடம் இருந்தது. "இங்கேயே இருங்க தங்கச்சி. கூப்பிடு தூரத்துல நாங்க இருக்கோம்" என்று சொல்லிப் பாயும் போர்வையும் கொடுத்தார்.

அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அன்று மத்தியானம் தையல்காரி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க வீட்டுல கேஸ் ஏதாச்சும் இருக்கா? சின்னவனுக்குக் கொஞ்சம் பால் சுட வெக்கணும்."

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் மேலே இருந்து படி இறங்கி வந்துகொண்டிருந்தார். சிலிண்டர் அவரைப் பார்த்தார். வாய் தானாகப் பேசிவிட்டது.

"சிலிண்டர் தூக்குறவன் வீட்டுல சிலிண்டர் இருக்கணும்னு சட்டமா தங்கச்சி? இறக்கச் சொன்ன அன்னைக்கே என்னுதையும் சேர்த்து இறக்கிட்டேன்."

செயலாளர் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கப் போனார். "பரவாயில்லண்ணே" என்றாள் தையல்காரி. பச்சைத் தண்ணீரில் பால்பவுடரைப் போட்டுக் கலக்கினாள். அது கட்டி கட்டியாக மிதந்தது. விரலால் நசுக்கி நசுக்கிக் குழந்தைக்குக் கொடுத்தாள்.

செயலாளர் திரும்பி மேலே போனதும் கதவைத் திறந்து, "தங்கச்சி, அவர் இருந்தாருன்னு அப்படிச் சொன்னேன். பாலைக் கொண்டாங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளே உட்கார்ந்து யோசித்தார். ஒருத்தருக்குக் கொடுத்தால் கட்டடம் முழுக்க வரும். பாலம் எப்போது திறக்கும் என்று யாருக்குத் தெரியும்? விஷயம் வெளியே போனால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். எல்லாம் நியாயமான காரணங்கள் மாதிரித்தான் இருந்தன. அவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொன்றும் இருந்தது: ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்காதவர்கள்தானே, கிடக்கட்டும். ஆனால் தையல்காரி அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்ததே அதற்கப்புறம்தான்; அவளிடம் அவர் தண்ணீர் கேட்டதும் இல்லை. அந்தக் கணக்கில் அவளை ஏன் சேர்த்தார் என்று பிற்பாடு எவ்வளவோ யோசித்தும் அவருக்குப் பதில் கிடைக்கவில்லை.

பொழுது சாயும்போது கட்டிலுக்கு அடியிலிருந்து சிலிண்டரை இழுத்தார். சாய்த்து, கையால் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் குலுக்கிப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்லியிருப்பார்கள். இவருக்குக் கை சொல்லிவிடும். முக்கால்வாசிக்கு மேல் இருந்தது. ஒரு மாசத்துக்குத் தாராளம்.

அடுப்பைக் குளியலறைக்குள் கொண்டுபோய் வைத்தார். பின்பக்கத்துச் சின்ன ஜன்னலை மட்டும் ஒரு விரல் அளவுக்குத் திறந்துவிட்டு, வாசல் கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் ஒரு துண்டை நனைத்துத் திணித்தார்.

"எல்லார் வீட்டுலயும் போய் ஜன்னலைத் தெறங்க, ஜன்னலைத் தெறங்கன்னு பாடம் எடுப்பீங்க" என்றாள் மனைவி.

"மெதுவாப் பேசு."

"பாய் குடுத்தீங்க, போர்வை குடுத்தீங்க. அதுல படுத்துக்கிட்டு அவங்க எதைத் தின்பாங்க?"

"நம்ம பிள்ளைங்களுக்குச் சூடா ஒரு வாய் போட வேண்டாமா? அதை மட்டும் பாரு."

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். அரிசியையும் பருப்பையும் ஒன்றாகப் போட்டு, வெங்காயம் இல்லாமல், தாளிக்காமல், வெறும் உப்போடு வேகவைத்தாள். வெளியே காற்று ஊளையிட்டது. உள்ளே தட்டிலிருந்து ஆவி பறந்தது. நாள் முழுக்கத் தண்ணீரில் நின்ற உடம்புக்கு அந்தச் சூடு தேவாமிர்தமாக இருந்தது. அதைத்தான் பின்னால் அவரால் மன்னிக்க முடியவில்லை. அந்தச் சாப்பாடு ருசித்தது. இன்னொரு கை போடச் சொல்லி வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகள் இருவரையும் அருகில் கூப்பிட்டு, வெளியே யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சொன்னார். சின்னவன் விளையாட்டு என்று நினைத்து மூச்சைப் பிடித்துக் காட்டினான். பெரியவள் தட்டைக் கழுவப் போனாள்.

மறுநாள் முட்டை அவித்தார்கள். அதற்கு அடுத்த நாள் உருளைக்கிழங்கு சூப். பகலெல்லாம் அவர் கட்டடத்துக்காக ஓடி ஓடி உழைத்தார். மொட்டை மாடியில் மழைத்தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். மேல் மாடிக்காரரின் உடைந்த ஜன்னலுக்குப் பலகை அடித்தார். தையல்காரியின் கைக்குழந்தைக்கு இருமல் வந்தபோது வீடு வீடாக ஏறி மருந்து கேட்டு வாங்கி வந்தார். வாங்கி வந்த மருந்தை நீட்டும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் குழந்தையின் காலைப் பார்த்துக்கொண்டு நீட்டினார். பொழுது சாய்ந்தால் கதவைச் சாத்தி, துண்டை நனைத்தார்.

அந்த நாட்களில் ஒரு நாள், அடுப்பை அணைத்த சிறிது நேரத்தில் கதவைத் தட்டுகிற சத்தம். அவசர அவசரமாகத் தட்டுகளை மறைத்தார்கள். துண்டைக் காலால் தள்ளிவிட்டு அவரே போய்க் கதவைப் பாதி திறந்தார். தையல்காரி நின்றாள். கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்.

"மூணாவது மாடி அம்மா எங்களுக்கு ரெண்டு பாக்கெட் குடுத்தாங்கண்ணே. எங்களுக்கு ஒண்ணு போதும். இது நம்ம பிள்ளைங்களுக்கு. நீங்களும் பாவம், நாள் பூரா அலையுறீங்க, வெறும் வயித்தோட."

அவர் வயிற்றில் சூப் இன்னும் சூடாக இருந்தது. உதட்டில் உப்பு இருந்தது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாளோ என்று பயந்தார். வாங்கிக்கொண்டார். "நல்லா இருங்க தங்கச்சி" என்று வேறு சொன்னார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் பெரியவள் நின்றுகொண்டிருந்தாள். கையை நீட்டினாள். அவர் பாக்கெட்டைக் கொடுத்தார். அவள் கதவைத் திறந்து வெளியே போய், தையல்காரியின் பெண்ணுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, பாக்கெட்டைப் பிரித்தாள். அன்றிலிருந்து அவள் வீட்டுக்குள் சாப்பிடவில்லை. தட்டைப் போட்டுக் கூப்பிட்டால், "எனக்குப் பிஸ்கட் போதும்" என்பாள். அவர் அதட்டிப் பார்த்தார். கெஞ்சிப் பார்த்தார். பிஸ்கட் தீர்ந்த பிறகும் அவள் உள்ளே வந்து சாப்பிடவில்லை.

அவள் ஒரு பகல் முழுக்கப் பட்டினியாக இருந்ததைப் பார்த்த பிறகு அவர் மனைவியால் பொறுக்க முடியவில்லை. சாயங்காலம் அவர் துண்டை எடுத்து நனைக்கப் போனபோது அதை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் கதவை விரியத் திறந்து, தையல்காரியின் பாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு உள்ளே பார்த்துச் சொன்னாள்:

"வாங்க. தூக்கிட்டு வாங்க. தூக்கத்தானே தெரியும் உங்களுக்கு?"

வாழ்க்கையில் எத்தனையோ சிலிண்டரைத் தூக்கியிருக்கிறார். குறுகலான படிக்கட்டுகளில், லிப்ட் இல்லாத மாடிகளுக்கு, காய்ச்சலோடு. கட்டிலிலிருந்து வாசலுக்கு அப்படி என்ன தூரம்? அந்தத் தூரத்துக்குத் தூக்கிக்கொண்டு நடக்க அவரால் முடியவில்லை. தோளில் வைக்கத் தைரியம் இல்லாமல் தரையோடு தரையாக உருட்டிக்கொண்டே வந்தார். இரும்பு தரையில் உருள்கிற சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டது. மேல் மாடிகளில் கதவுகள் திறந்தன. ஆட்கள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். செயலாளரும் பார்த்தார்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவரும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பார். அவர் குனிந்து ரெகுலேட்டரை மாட்டினார். பழக்கதோஷம், சோப்பு நுரை கேட்டார். மனைவி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குழாயில் நுரையைத் தடவிக்கொண்டிருந்தபோது தையல்காரியின் பெண் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து, சந்தோஷமாகக் கேட்டாள்:

"மாமா, இன்னைக்குக் கதவைத் தெறந்து வெச்சே சமைக்கப் போறீங்களா? அப்ப நாங்க கண்டுபிடிக்க வேண்டாம்ல?"

"என்னது கண்டுபிடிக்கணும்?"

"என்ன சமையல்னு. நானும் அம்மாவும் தினமும் மோந்து பார்த்துச் சொல்லுவோம். முதல் நாளு பருப்பு. நான்தான் சொன்னேன். முட்டை அம்மா சொன்னாங்க. சூப்புதான் ரொம்பக் கஷ்டம். அக்காகிட்ட சரியான்னு கேட்டா அக்கா சொல்லவே மாட்டேங்குது."

"சும்மா இருடி" என்று தையல்காரி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். சிலிண்டரின் மகள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் குழாயில் நுரையைத் தடவிக்கொண்டே இருந்தார். கசிவு எதுவும் இல்லை. ஆனாலும் தலையைத் தூக்காமல் தடவிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் நடந்ததெல்லாம் நல்ல விதமாகத்தான் நடந்தது. மூன்று மாடியிலிருந்தும் அரிசி வந்தது, காய் வந்தது, யார் வீட்டிலோ அடி மூலையில் கிடந்த ஒரு பெரிய அண்டா வந்தது. பாலம் திறக்கும் வரைக்கும் அந்தப் படிக்கட்டுத் திருப்பத்தில் கட்டடம் மொத்தத்துக்கும் சமைத்தார்கள். முதல் வேலையாகக் கைக்குழந்தைக்குப் பால் சுட வைத்தார்கள். சிலிண்டர் அண்டாவைக் கிளறினார், பரிமாறினார், கழுவினார். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகும் அவர் சாப்பிட உட்காரவில்லை. மனைவி தட்டில் போட்டுக் கொடுத்தால் படியில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்து நாலு வாய் விழுங்குவார். தடை போட்ட செயலாளரும் தட்டை ஏந்தி வந்து நின்றார். தடையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

தண்ணீர் வடிந்து, கரண்ட் வந்து, எல்லாரும் வீட்டைக் கழுவி முடித்த பிறகு சங்கம் ஒரு கூட்டம் போட்டது. செயலாளர் எழுந்து நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆபத்து நேரத்துல நம்ம எல்லாருக்கும் சூடா ஒரு வேளைச் சோறு போட்டவர் நம்ம சிலிண்டர்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று இனிமேல் சங்க அறையில் ஒரு சிலிண்டர் வைப்பதாகவும், அதன் சாவி அவரிடமே இருக்கட்டும் என்றும் முடிவானது. "நம்பிக்கையான ஆளு" என்று யாரோ சொன்னார்கள்.

அவர் எழுந்து, "அப்படியெல்லாம் இல்லைங்க... நான் வந்து..." என்று ஆரம்பித்தார்.

"பாருங்க, எவ்வளவு அடக்கம்!" என்றார் செயலாளர். மறுபடியும் கைதட்டல். தையல்காரியும் தட்டினாள். அவர் மகள் தட்டவில்லை. பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் தையல்காரியின் மெஷினைக் கீழே இறக்கிக் கொடுக்கப் போனார். அறையில் இன்னும் சேற்று வாடை போகவில்லை. சுவரில் தண்ணீர் நின்ற உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. மெஷினை அவள் காட்டிய இடத்தில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"முதல் நாளே தெரியுமா தங்கச்சி?"

அவள் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தாள். "வாசனையை நாம துணி போட்டு அடைக்க முடியுமாண்ணே?"

"தெரிஞ்சுமா பிஸ்கட் குடுத்தீங்க?"

"ஆமா. பிள்ளைங்கதானே?" அவள் இயல்பாகச் சொன்னாள். "உங்ககிட்ட ஏதோ அடியில கொஞ்சம்தான் இருக்கும்போல, உங்க நாலு பேருக்கே இழுபறின்னு நினைச்சுக்கிட்டேன். நிறைய இருந்திருந்தா நீங்க கதவைத் தெறந்திருக்க மாட்டீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள். அவர் சுவரில் இருந்த கோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இல்லம்மா. முக்கால்வாசிக்கு மேல இருந்துச்சு. எனக்குத் தெரியும்."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. வெளியே யாரோ சேற்றை வழிக்கிற சத்தம் கேட்டது. அவள் துணியை உதறி மடித்தாள்.

"இதை எதுக்குண்ணே எங்கிட்ட சொன்னீங்க?" என்றாள். "நான் பாட்டுக்கு நல்லபடியா நினைச்சுக்கிட்டு இருந்தேனே."

அவர் வெளியே வந்தார். படியேறி வீட்டுக்கு வந்து, மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டால் கொஞ்சம் லேசாக இருக்கும் என்று நினைத்ததாகவும் சொன்னார்.

"உங்களுக்கு லேசாயிடுச்சு. அவளுக்கு?" என்றாள் மனைவி. "அடுத்தவங்க வாசல்ல கொண்டுபோய் இறக்கி வெக்கிறதே வழக்கமாப் போச்சு உங்களுக்கு."

அவருக்கு லேசாகவும் ஆகவில்லை. தையல்காரி அதற்கப்புறம் அவரிடம் முகத்தைச் சுளித்ததில்லை. எதிரே பார்த்தால் "சாப்டீங்களாண்ணே?" என்று எல்லாரையும் கேட்கிற மாதிரிக் கேட்பாள். "ஆச்சும்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை வேகமாகத் தள்ளிக்கொண்டு போவார். அவள் கேட்பது வெறும் விசாரிப்புதான் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் தெருமுனை திரும்பும் வரைக்கும் காது சுட்டுக்கொண்டே இருக்கும்.